ஆமென் சொல்லி எழுந்தபோது

பட்டாளத்திலிருந்து திரும்பிய என் கணவர் தூக்கத்தில் குண்டுவெடிப்பைக் கண்டு அலறுவார். ஒருமுறை என் கழுத்தையே நெரித்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. திருவனந்தபுரத்து டாக்டர், கெட்ட கனவையும் அடக்கும் என்று பிரஷர் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டினார். அலறல் குறைந்தது.

கடைசியாக அளவு கூடிய அன்று, மாத்திரையை விழுங்கிவிட்டுக் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டார். ஆமென் சொல்லி எழுந்தவர் அப்படியே மயங்கிச் சரிந்தார்.

"பிசாசு விட்டுப் போச்சு மக்கா! இனி மருந்து வேண்டாம்" என்று மாமியார் அழுதார். அதை நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மாத்திரைகளைக் குப்பைக்குழியில் கொட்டினேன்.

அந்த வாரமே அலறல் திரும்பியது. டாக்டரிடம் ஓடினோம்.

"மாத்திரை போட்டா பிரஷர் தாழும், உடனே படுக்கணும்னு சொல்லியிருந்தேனே" என்றார். "இடையில விட்டாச்சு. இனி பழையபடி குறைஞ்ச அளவுலேருந்துதான் தொடங்கணும்."

வீடு திரும்பும் பாறசாலை பஸ்ஸில் கணவர் கேட்டார்: "அளவு பழையபடி கூடுற வரைக்கும் நீ எங்க கெடப்ப?"

"உங்க பக்கத்துலதான்."

அன்று ஜெபத்தை முதலில் முடித்தோம். பிறகு மாத்திரையை விழுங்கிப் படுத்தவர், தன் இரு கைகளையும் முதுகுக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

அவற்றை வெளியே எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.