சட்டைப் பையில் பூசணி விதை

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் கொட்டச்சேடு கிராமத்துப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். காதை மூடிய மஃப்ளர். சட்டைப் பையிலிருந்து பூசணி விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டே வந்தார்.

கடலை மிட்டாயை நீட்டினேன். முன் சீட்டிலிருந்த அவர் மனைவி சட்டென்று திரும்பினார். "குடுத்துராதீங்க சாமி, அவுருக்கு சுகரு. நாலு வருசமா இனிப்பே தொடறதில்லீங்க."

நாலைந்து வளைவுகள் இறங்குவதற்குள் அந்தம்மா தூங்கிவிட்டார். பெரியவர் என் பக்கம் சாய்ந்தார்.

"சுகரெல்லாம் இல்லீங்க. அடிக்கடி ஒண்ணுக்குப் போறது ஏன்னு ஊட்டுல கேட்டாங்க. புராஸ்டேட்டுன்னு சொல்ல நொம்பக் கூச்சமுங்க. சுகருன்னுட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டலீங்களா?"

"அங்கயும் கூச்சந்தானுங்க. அதுக்கு இந்த வெதை நல்லதுன்னாங்க, இதுவே போதும்னு இருந்துட்டேன். இப்ப ரத்தமாப் போவுது. அதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம். சுகரு பாக்கத்தான்னு அவ நெனச்சுட்டிருக்கா."

"இப்பவாவது அம்மாகிட்ட சொல்லிருங்க."

அவர் இன்னொரு விதையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சேலம் பஸ் ஸ்டாண்டில் மூவரும் ஒரே கடையில்தான் நின்றோம். "ரெண்டு காப்பிங்க. ரெண்டுலயும் சக்கரை வேண்டாம்" என்றார் அந்தம்மா.

"உங்களுக்கும் சுகருங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இல்லீங்க. அவுரு கசப்பாக் குடிக்கையில எனக்கு மட்டும் எப்படிங்க இனிக்கும்?"

பெரியவர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.