நான் நிறுத்திய இடங்கள்

ஒரு மனிதனின் குரலைக் கேட்டுவிட்டு, அது இரைச்சல், இருக்க வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

எழுபதுகளின் கடைசி ஆண்டுகள். கிழக்குத் தாம்பரத்தில் என் வாடகை அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஐந்தாறு பேர் கூடி, வெளிநாட்டு ராக் கச்சேரிகளின் திருட்டுப் பதிவுகளைக் கேட்போம். கூட்டத்தில் நின்றுகொண்டு யாரோ மறைவாகப் பதிவு செய்தவை அவை. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் வழியாக எங்களிடம் வந்து சேரும். பங்க் ராக் எங்களுக்கு அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. வேலையில்லாத இளைஞர்கள் மேடையேறிக் கத்துவதில் ஒரு சமூக நியாயம் இருப்பதாக நான் நம்பினேன். வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் இரண்டு ஆண்டுகள் நின்ற பிறகே பள்ளி ஆசிரியரானவன் நான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மூல கேசட் முதலில் ஒருவரிடம் போகும். அவர் அதைச் சீர்செய்து முதல் பிரதி எடுப்பார்; மற்றவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கேசட் பெட்டியிலுள்ள அட்டையில் 'முதல் பிரதி' என்று எழுதி, எதிரே அவர் பெயர் இருக்கும். எத்தனை கைகள் மாறினாலும் அந்தப் பெயரும் கூடவே போகும். அற்பமான பெருமைதான். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் பெரும்பாலும் இருந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவரின் பெயர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர். பாட்டின் ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. ஆனால் அவர் எடுத்த பிரதியில் டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும். ஒருமுறை மாலை ஆறு மணிக்கு மேல், தாம்பரத்து மின்சாரம் சோர்ந்து போகும் நேரத்தில், நான் ஒரு பிரதி எடுத்துவிட்டேன். மூலத்தை ஓட்டிய கருவியின் மோட்டார் தடுமாறி வேகம் குறைந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அவர் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இன்னா சார், உங்க ஆளு தூங்கிகினே பாடுறாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு பல சனிக்கிழமைகள் அவர் பேசும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்த அக்கா ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி லண்டனில் ஒரு பங்க் கச்சேரிக்குப் போய், கோட்டுக்குள் ரிக்கார்டரை மறைத்து வைத்துப் பதிவு செய்து, எனக்காக அனுப்பியிருந்தார். அக்கா வீட்டில் கேசட் போடும் கருவி இல்லை. அதனால் அவர் அதைக் கேட்டதே இல்லை.

ஒலி மிகவும் மங்கியிருந்தது, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல. இம்முறை மின்சாரத்தை நம்பாமல் பேட்டரி போட்டேன். கருவியில் நாடா உரசிச் செல்லும் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன். பாட்டுகளுக்கு நடுவே மைக்குக்கு மிக அருகில் யாரோ பேசிய இடங்களில் எல்லாம் பதிவை நிறுத்தி நிறுத்தி, பாட்டுகளை மட்டும் சேர்த்தேன். அந்தப் பேச்சு தமிழ் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அது இன்னும் அதிகமாக உறுத்தியது. லண்டன் கச்சேரிக்குள் தாம்பரம் பஸ் நிலையம் புகுந்துவிட்டதாகத் தோன்றியது.

பிரதி சுமாராகத்தான் வந்தது. மூலம் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர் கைக்குப் போனால் இதைவிட நன்றாக எடுத்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே அக்காவிடம் மூலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, நாடா தேய்ந்துவிட்டது, இன்னொரு முறை ஓட்டினால் அறுந்துவிடும், பத்திரமாகப் பூட்டி வையுங்கள் என்றேன். அவர் அதை பைபிளுக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் பிரதியின் அட்டையில் என் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து, அலுவலக வாசலில் அக்கா தயங்கியபடி நின்றார்.

"சார், தம்பி லெட்டர் போட்டிருக்கான். அந்த கேசட்ல நடுநடுவுல அவன் பேசியிருக்கானாம். அம்மா கேக்கணும்னு ஆசைப்படறாங்க. அவன் போய் ரெண்டு வருஷமாச்சு. உங்க காப்பில அது இருக்குமா சார்?"

இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் அறுந்தாலும் பரவாயில்லை என்று ஒரே ஒரு தடவை மூலத்தை ஓட்டிவிடலாமா, அல்லது அது இருக்கிறது என்ற நிம்மதியோடு அம்மா கேட்காமலே இருந்துவிடட்டுமா என்று என்னிடமே யோசனை கேட்டார். எதையும் பின்விளைவை எண்ணிச் செய்பவன் என்று பெயர் எடுத்திருந்தேன். அதனால்தான் என்னைக் கேட்டார்.

அன்று மாலையே கேசட்டை வாங்கிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஏறினேன். ரேடியோ கடைக்காரர் அதை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித்துண்டு உள்ளே விழுந்து கிடந்தது; ஒலி மங்கியதற்கு அதுதான் காரணம். பழைய கேசட் ஒன்றிலிருந்து அதே போன்ற துண்டை எடுத்து ஒட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நாடா புச்சு மாதிரி கீது சார். அறுந்துடும்னு யாரு சொன்னா?"

நான் சொன்னேன் என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் தலை நிமிராமல் கேசட்டைப் போட்டார். கிதார் அலறி ஓய்ந்தது. பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல் தன் நண்பனிடம் சொன்னது: "காது கிழியுதுடா மச்சான். எங்கம்மா இத கேட்டாங்கன்னு வெச்சுக்கோ, செருப்பால அடிப்பாங்க."

அவர் சிரித்தார். "இதப் போய் வேணான்னுட்டீங்களே சார்" என்றார்.

அவர் எடுத்த பிரதியைக் கருவியோடு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தாய் கச்சேரி முழுவதையும் நாற்காலி நுனியில் அமர்ந்தபடி, அந்த இடங்களுக்காகக் காத்துக் கேட்டார். செருப்பு என்ற சொல் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுபடி போடச் சொன்னார். நான் பின்னால் சுழற்றிச் சுழற்றிப் போட்டேன். என் பொய்யை அக்காவிடமும் சொன்னேன். அவர் எழுந்து காபி கொண்டுவரப் போனார்.

அந்தப் புதிய பிரதியின் அட்டையை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். 'முதல் பிரதி'க்கு எதிரே கடைக்காரர் என் பெயரைத்தான் எழுதியிருந்தார். தன் பெயரை அதற்குக் கீழே. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பெயரை அடித்துவிட்டு, அவர் பெயரை மேலே எழுதினேன்.

அதன் பிறகு எந்த மூல கேசட் வந்தாலும் நான் முதலில் வாங்கிக்கொள்ளவில்லை, ராஜகீழ்ப்பாக்கத்துக்கே அனுப்பினேன். பிரதி எடுக்கும்போது நடுவில் நிறுத்தவும் இல்லை. அவர் மீதான பொறாமை மட்டும் போகவில்லை.