கிளாரினெட் அண்ணனுக்கு ரத்தம் கொடுத்த கதை

குமாரபாளையத்தில் எங்கள் பேண்டு செட்டில் நான் பெரிய டிரம். அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் மூக்குக்குக் கீழே என் முகம் வெளியே தெரியாது. யாரைக் கிண்டல் செய்தாலும் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எட்டாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் தலைமுழுகிய பிறகு எனக்குக் கிடைத்த மரியாதையான வேலை இது ஒன்றுதான்.

செட்டில் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் போடுவது சத்தம். பாட்டு என்று ஏதாவது காதில் விழுந்தால் அது கிளாரினெட் அண்ணனுடையது. பகலில் தறி ஓட்டுவார். சாயங்காலம் ஊதுவார்.

போன வருடம் மாரியம்மன் நோம்பி ஊர்வலத்தில் அந்தப் பாட்டு நடுவில் அறுந்தது. "என்னங்ணா, பல்லு கழண்டு உள்ள போயிருச்சா?" என்று டிரம்முக்குப் பின்னாலிருந்து கத்தினேன். அண்ணன் திரும்பினார். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டை சிவந்திருந்தது. தப்பான நேரத்தில் நான் வாய் திறந்தது எத்தனையோ தடவை. அந்த ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அண்ணி வெளியே வந்து, டாக்டர் சொன்னதை எங்களிடம் சொன்னார்.

"மருந்துக்குக் கேக்கற வகைதானாமா. நாலு சுத்து ஏத்தோணும். ஆனா மருந்து ஏறினா ரத்தத்தை உறைய வெக்கற தட்டணு இன்னும் கொறஞ்சு போயிருமாம். அப்பப்ப வேற ஆளுககிட்ட எடுத்து ஏத்தோணும். ஆளு வந்துட்டே இருந்தாத்தான் மருந்தை நிறுத்தாம குடுக்க முடியுமாமா."

"இவ்வளவுதானுங்களா அண்ணி? பத்துப் பேரு இருக்கறோம். மருந்து தீந்தாலும் நாங்க தீர மாட்டோம்" என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு வேன் நிறையப் போய் ரத்த வங்கியில் இறங்கினோம். அண்ணனுக்கு ஓ பாசிட்டிவ். எங்களில் அந்த வகை ஆறு பேர். அங்கே இருந்த பொண்ணு ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தது.

"ஒரு வருசத்துக்குள்ள பச்சை குத்துனது, காது மூக்கு குத்துனது ஏதாச்சும் இருக்குங்களா?"

ஊசியைக் கண்டு பயப்படுகிற ஆளா என்று சோதிக்கிறார்கள் என்று எங்கள் செட் நினைத்துவிட்டது. சாக்ஸபோன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மூக்கென்னங்க மூக்கு? நோம்பிக்கு இந்தக் கன்னத்துல உட்டு அந்தக் கன்னத்துல எடுத்தனுங்க. ஆறடி அலகு!"

அந்தப் பொண்ணு எதையோ எழுதியது. பாஸ் குழல் ஊதுகிறவர் விடுவாரா? "எனக்கு முதுகுல ஒம்பது கொக்கிங்க. காரையே இழுத்தேன்." பக்க டிரம் பையன்கள் இரண்டு பேரும் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். அந்தப் பொண்ணு பேனாவை மூடிவிட்டு, "அலகு குத்துன யாருமே ஒரு வருசத்துக்கு ரத்தம் குடுக்கக் கூடாதுங்க. ஏங்க, சந்தோசமா வேற சொல்றீங்களே!" என்றது.

நாலு பேர் அங்கேயே தள்ளுபடி ஆனார்கள். தாளம் போடுகிறவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மிச்சம் நான். நோம்பியில் அலகு குத்துகிற காலையில் மட்டும் காய்ச்சல் என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு தப்பியவன். ஊசி என்றால் எனக்கு அவ்வளவு மரியாதை.

"இவன் ஒருத்தன்தான் சுத்தமான ஆளு" என்று சாக்ஸபோன்காரர் என்னை முன்னால் தள்ளினார். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, தட்டணுவைப் பிரித்தெடுக்கிற மிஷின் பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தேன். என் ரத்தம் குழாயில் போய், சுற்றி, திரும்பி வந்தது. பயத்தில் வாய் ஓயவில்லை. "பேசாம இருங்க, பிரஷர் ஏறுது" என்று அந்தப் பொண்ணு மூன்று தடவை அதட்டியது. கடைசியில் ஒரு சின்னப் பையில் மஞ்சளாக ஏதோ சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் அண்ணனுக்கு ஈறில் ரத்தம் நின்றது.

ஆனால் ஒரே ஆளை எத்தனை தடவை கறக்க முடியும்? வேறு வழியில்லாமல் ஜலகண்டாபுரம் செட்டின் தலைவருக்கு போன் போட்டேன். ட்ரம்பெட் வாசிப்பவர், ஊரே மாமா என்று கூப்பிடும். ஒரு கோயில் ஊர்வலத்தில் எந்த செட் முன்னால் போவது என்று அவர்களோடு ரோட்டிலேயே கைகலப்பு ஆகி, இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"ஏனுங்க மாமா, நானுங்க, பெரிய டிரம்மு."

"என்ர ட்ரம்பெட்டப் பால்காரன் ஹாரன்னு சொன்னவனா?"

"அவனேதானுங்க."

அண்ணன் சேதி மாமாவுக்கும் எட்டியிருந்தது. "ஆளு எப்படி இருக்கறான்?"

சொன்னேன். ரத்த வகையையும் அலகு சமாச்சாரத்தையும் சொன்னேன்.

"எங்கூர்ல கோயில் வேலை நடக்குது, நோம்பியே நிறுத்தியாச்சு. எவனும் குத்தல. நாளைக்கு வாரேன், போ."

ஏழு பேர் வந்தார்கள், யூனிபாரத்தோடு. மத்தியானம் கல்யாண வேலையாம். விஷயம் பரவி, ஆத்தூர் பக்கத்து செட் ஒன்றிலிருந்தும் மூன்று பேர் வந்து நின்றார்கள். உடனே பழைய வியாதி தலைகாட்டியது: யார் முன்னால்?

"நாங்கதான மொதல்ல வந்தோம்" என்றார் மாமா.

"தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு வழி விடுங்க சார்" என்றார் ஆத்தூர்க்காரர்.

ரத்த வங்கிப் பொண்ணு எழுந்து நின்றது. "இங்க சாமி ஊர்வலம் ஒண்ணும் போகலைங்க. எல்லாரும் ஒரே நாள்ல குடுத்தா அஞ்சு நாள்ல வீணாப் போயிரும். முறை போட்டுட்டு வாங்க."

முறை போட்டோம். ஒருவருக்கு முறை வந்த நாளில் முகூர்த்தம் இருந்தால், அவர் இடத்தில் வாசிக்க இன்னொரு செட்டிலிருந்து ஆள் போக வேண்டும். அதனால் நான் ஜலகண்டாபுரம் செட்டில் டிரம் அடித்தேன். மாமா எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு திருச்செங்கோட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்தார். சட்டை வயிற்றுக்கு எட்டவில்லை. நான் அதைச் சொல்லவில்லை என்றால் நம்புவீர்களா?

மூன்றாவது சுற்றில் அண்ணனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. வாய் முழுக்கப் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து, "போதும்டா சாமி. எல்லாரும் பொழப்பப் பாருங்க. நான் ஊட்டுக்குப் போறேன்" என்றார். எனக்கு நக்கல் வரவில்லை. முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

கதவோரம் நின்ற மாமா பேசினார். "நீ போயிருவ. அப்பறம் நான் யார முந்தறது? இந்த டிரம்முக்காரனையா? வெக்கக்கேடு. இன்னும் ஒரே சுத்து. படுத்திரு."

அண்ணனுக்குச் சிரிக்க வாய் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். படுத்திருந்தார்.

நாலாவது சுற்று முடிந்த இரண்டாவது வாரம் மாமாவின் முறை. காலையில் முதல் பஸ் பிடித்து, வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தது.

"இன்னைக்கு வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்? என்ர முறைங்க இது. இவனுக ஏதாச்சும் முந்திக் குடுத்துட்டானுகளா?" என்று மாமா என்னை முறைத்தார்.

"யாரும் குடுக்கலைங்க. அவருக்கு அவரு ஒடம்பே ஊற வெச்சிருச்சு. மூணு நாளா தட்டணு எண்ணிக்கை தானா ஏறுது. டாக்டரு பார்த்துட்டாரு."

மாமாவுக்கு அது புரிய நேரமாயிற்று. எனக்கும்தான். பிறகு அவர் மடித்த கையைக்கூட இறக்காமல் வார்டுக்கு ஓடினார். "உன்ர ரத்தமே என்னைய முந்திருச்சாமாடா!" என்று அவர் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளினார். கதவு சாத்துவதற்குள் பார்த்தேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, அண்ணியிடம் இட்லி கேட்டுக்கொண்டிருந்தார்.