கரை சுத்தமா என்று கேட்டவர்

எங்கள் ஊர்க் கடற்கரையில் போர் விமானங்கள் சாகசம் காட்டப்போகின்றன என்ற அறிவிப்பு வந்ததும் முதலில் கோபப்பட்டவர்கள் பெண்கள்தாம். காட்சி முடியும்வரை ஒரு வாரத்துக்கு யாரும் கரையில் கருவாடு காயப்போடக் கூடாது, மீன் குடலைக் கொட்டக் கூடாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மீன் கிடந்தால் பருந்தும் காக்கையும் வரும், பறவை வந்தால் விமானத்துக்கு ஆபத்தாம். அது நெத்திலி அள்ள அள்ளக் கிடைக்கும் சமயம். குளச்சலில் மீன் காயாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா என்று அம்மா ஆட்டோவைப் பார்த்தே கேட்டாள். ஆட்டோ அடுத்த தெருவில் அதையே சொல்லப் போய்விட்டது. கடைசியில் பெண்களே கூடிக் கரையைப் பெருக்கினார்கள். மணல் வேறு யாருடைய ஊர் மணலையோ போலப் பளிச்சென்று கிடந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷ் படித்த ஒரே ஆள் என்பதால் எனக்கென்று ஒரு மதிப்பு உண்டு. மருந்துச் சீட்டு, மிக்ஸியோடு வந்த புத்தகம் எல்லாம் என்னிடம்தான் வரும். புரிந்ததோ இல்லையோ, தயங்காமல் பொருள் சொல்லிவிடுவேன். தப்பென்று கண்டுபிடிக்க வீட்டில் ஆள் கிடையாது.

காட்சி நாளன்று மீன்பிடிக்கத் தடை. எல்லை தாண்டி யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஐந்து பைபர் வள்ளங்களை மட்டும் கடலில் நிறுத்தினார்கள். அதில் ஒன்று அப்பாவுடையது. துணைக்கு மாமா. அம்மாவின் தம்பியான அவர் கல்ஃபில் இரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு, ஒரு கூலிங்கிளாஸோடும் கொஞ்சம் இந்தியோடும் திரும்பி வந்திருந்தார். கரையில் நின்றால் முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும் என்று நான் இரண்டு நாள் அழுததில் அப்பா இளகிவிட்டார். பெண்பிள்ளை கடலுக்குப் போவது அம்மாவுக்கு ஆகாது. அதனால் அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு நிற்கப்போவதாக அவளிடம் சொல்லிவிட்டு, துறைமுகச் சுவரின் மறுபக்கமாகப் போய் வள்ளத்தில் ஏறிக்கொண்டேன். மாமா கூலிங்கிளாஸைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பொய் சொன்ன பயம் அந்தப் பெருமையில் கரைந்துவிட்டது.

நான்கு விமானங்கள் வந்தன. ஒட்டிக்கொண்டு பறந்தன, பிரிந்தன, தலைகீழாகப் போயின. வானத்தில் புகையால் கோடு இழுத்தன. சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

பிறகு ஒரு விமானம் மட்டும் ஊருக்குள்ளிருந்து தென்னந்தலைகளை உரசுவது போலத் தாழ்ந்து வந்தது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்தால் எங்கள் எஞ்சின் இருமுமே, அப்படி இரண்டு முறை இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் சாய்ந்துகொண்டே வந்து, கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்த பிறகு அதன் மேல்மூடி தெறித்தது. ஓர் ஆள் நாற்காலியோடு நெருப்பில் எகிறினார். மேலே ஒரு பாராசூட் விரிந்தது. விமானம் தூரத்தில் போய்க் கடலில் குத்த, தண்ணீர் ஒரு பனையளவு எழும்பி விழுந்தது.

இத்தனை அருமையான காட்சியை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். மாமாவும் தட்டினார். கரையிலிருந்தும் கைதட்டல் கேட்டது. அப்பா மட்டும் தட்டவில்லை.

"ஏலே, இது வெளையாட்டு இல்ல. எஞ்சினப் போடு," என்றார்.

பாராசூட் தண்ணீரில் விழுந்ததும் காற்று அதை இழுக்கத் தொடங்கியது. கிட்டப் போனால் துணி எஞ்சின் காத்தாடியில் சுற்றிவிடும் என்று அப்பா கொஞ்சம் தள்ளியே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டார். மாமா கத்தியோடு குதித்தார். அந்த ஆளுக்கு நினைவு இருந்தது. காலில் கயிறுகள் சுற்றியிருந்தன. மாமா தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் அவரிடம் கொட்டினார். ஜல்தி, ஜல்தி, உட்டாவ், உட்டாவ். சீக்கிரம், தூக்கு என்று சிமெண்ட் மூட்டை ஏற்றும்போது மேஸ்திரி விரட்டிக் கேட்டவை. கயிற்றை அறுக்கப் போனவர் ஒரு கணம் அதை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கயிறு அத்தான்," என்றார். அப்பா போட்ட அதட்டலில் அறுத்தார்.

பெரிய சுறாவை ஏற்றுவது போல இருவரும் அவரை இழுத்து வலைக்குவியல் மேல் கிடத்தினார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கினார். முதுகை நிமிர்த்த முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டார். விமானத்தைத்தான் கேட்கிறார் என்று அப்பா கடலைக் காட்டினார். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "மக்களே, நீ படிச்ச பிள்ளையில்லா. இவரு என்ன கேக்காரு?"

அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "பீச்... கிளியர்?"

"கரை சுத்தமா இருக்கான்னு கேக்காரு அப்பா."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. பறவை மோதித்தான் விழுந்திருக்கும், பழி நம் பெண்கள் தலையில் விழப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். "ஒரு நெத்திலி கூட காயப் போடேலன்னு சொல்லு. பொம்பளையள் எல்லாம் கூடிப் பெருக்கினதாக்கும்."

நான் எழுந்து, பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கும் குரலில் சொன்னேன். "பீச் வெரி கிளீன் சார். நோ ஃபிஷ் சார்."

அவர் என்னையே பார்த்தார். "நோபடி?"

"நோபடி சார்," என்றேன். யாருமே காயப்போடவில்லை.

அவர் அப்பாவின் கையை விட்டார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குளிரில் மூளை கலங்கிவிட்டது என்றார் மாமா. கொஞ்ச நேரம் கழித்து அவர் கைகளை எடுத்து, முகத்தில் பாதியை மறைத்த கூலிங்கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

விமானம் கூட்டத்தின் மேல் விழாமல் கரையைத் தாண்டியதா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நான் தப்பாகச் சொன்ன பதில் என் அதிர்ஷ்டத்துக்கு உண்மையாக இருந்தது. இது எனக்கு விளங்கப் பல வருடம் ஆயிற்று.

மீட்புப் படகு வந்து அவரைக் கொண்டுபோனது. நாங்கள் கரைக்கு வந்தபோது ஊரே ஓடிவந்தது. அப்பாவைத் தோளில் தூக்கினார்கள். இடுப்பில் என் சின்னத் தம்பியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிள்ளைய ஆருகிட்ட கேட்டுக் கடல்ல கொண்டு போனிய?" அந்த வாரம் கோயிலில் அப்பாவுக்குப் பொன்னாடை போட்டார்கள். வீட்டில் மூன்று நாள் அம்மா கஞ்சியும் துவையலும்தான் போட்டாள். கடைசிவரை குதிக்காமல் விமானத்தைக் கடல்வரை கொண்டுவந்தவர் என்று பேப்பரில் அந்த விமானியைப் பற்றி எழுதியிருந்தார்களாம். நான் என் படம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஓர் ஓரத்தில் கூலிங்கிளாஸ் மட்டும் வந்திருந்தது.

சாகக் கிடந்த நிலையிலும் சுத்தத்தைக் கேட்ட மனிதரை நான் மறக்கவில்லை. எப்படியும் வந்து பார்ப்பார் என்று எனக்கு நிச்சயம். சனிக்கிழமைகளில் அத்தை பிள்ளைகளைத் திரட்டி எங்கள் பக்கத்துக் கரையைப் பெருக்கவைத்தேன். கருவாடு காயப்போட வந்த பெண்களோடு சண்டை போட்டேன். அம்மா விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

ஆறேழு மாதம் கழித்து அவர் வந்தார். சாதாரணச் சட்டை, கையில் ஊன்றுகோல், கூடவே மனைவி. அம்மா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். எரிவில் கண்ணீர் ஓட ஓட இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். மாமா ஜல்தி, ஜல்தி என்று உபசரித்தார். சாயங்காலம் எல்லோரும் கரைக்குப் போனோம். அன்றைக்கு உன் அம்மா எங்கே நின்றாள் என்று அவர் என்னிடம் கேட்டார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன். கல்சுவரை ஒட்டி, தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தை அம்மா காட்டினாள்.

அவர் மெல்ல நடந்துபோய் அந்த இடத்தில் நின்றார். மணலைப் பார்க்கவே இல்லை. பந்து விளையாடும் பையன்களை, கடலை விற்கும் கிழவரை, அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி ஓடப்பார்க்கும் தம்பியை, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வேறு கவலை. அவர் காலுக்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தது. அது அவர் கண்ணில் படுவதற்குள் நான் அதைக் காலால் தள்ளி மணலைப் போட்டு மூடினேன்.