பீலிக்கு மேலே ஒரு ஓட்டை

'நிலத்தடி நீர்ப் பாதுகாவலர்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, நீர் தின விழாவில் றில்வானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாள் காலை, பாதுகாவலர் ஸ்பிரிங்வெளி வீதியோரம், லொறியில் பூட்டிய துளை இயந்திரத்துக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய்க்கிணறு தோண்டுவது அவர் தொழில். பதுளை நகரம் மலைமேல் ஏற ஏற, லொட்ஜ், டியூஷன் கட்டடம், மாடி வீடு என்று எழும்பிய பலவற்றுக்கும் அடியில் அவர் போட்ட ஓட்டை ஒன்று இருக்கிறது.

தொடங்கும்போது பிஸ்மி சொல்வார். வாடிக்கையாளர் தேங்காய் உடைத்தாலும், பிக்குவை அழைத்துப் பிரித் ஓதுவித்தாலும், தொப்பியைச் சரிசெய்தபடி மரியாதையாக ஒதுங்கி நிற்பார். "எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் ஓட்ட போடுற. பொறகு ஒத்தரும் கோவிக்கக் கூடாதே."

அவர் வீட்டுக் கிணறு வற்றிப்போய்விட்டது. சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் அதைவிட ஆழமாகத் தோண்டிக் கொடுத்தவர் அவரேதான். "ஊருக்கே தண்ணி எடுத்துக் குடுக்கிற மனுசன். தொழுகைக்கு ஒழு எடுக்க நாங்க போத்தல் தண்ணி வாங்குற" என்பார் மனைவி நஸ்மியா. "நம்மட கெணறும் நல்ல கெணறுதான். கொஞ்சம் நீளம் காணாது" என்பார் றில்வான், பிள்ளையின் காற்சட்டையைப் பற்றிப் பேசுவதுபோல.

போன வருடம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்கு மேலே ஒரு லொட்ஜுக்குத் தோண்டினார். தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. லொட்ஜ்காரர் பட்டாசு கொளுத்தினார். கொஞ்ச நாளில் மேல் லயத்துப் பீலி சொட்டுச் சொட்டாகி நின்றுபோனது. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய்வழி வந்து விழும் பீலியை நம்பித்தான் லயத்தில் குடிப்பதும் குளிப்பதும். இப்போது மேல் லயத்தாரும் கேன்களோடு கீழ் லயத்துப் பீலிக்கு இறங்குகிறார்கள். இரண்டு லயத்துக்கும் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அந்தப் பீலிக்கு நேர் மேலேதான் புஹாரி ஹாஜியார் கல்யாண மண்டபம் கட்டுகிறார். இன்றைய குழாய்க்கிணறு அதற்குத்தான். லொறியைக் கண்டதும், கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த மேல் லயத்துச் சுபாஜினி நின்றாள்.

"வாங்க நானா. மிச்சத்தையும் எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"அது அல்லாஹ் தார தண்ணி, தங்கச்சி. நான் ஓட்ட மட்டுந்தான் போடுற."

"அப்ப அந்த ஓட்டைய உங்க வீட்டுல போடுங்க. எங்க புள்ளைக ஸ்கூலுக்குப் போகாம பீலியில வரிச கட்டி நிக்குதுக."

பதிலை இரைச்சலில் சொல்லிக்கொள்ளலாம் என்று றில்வான் இயந்திரத்தை முடுக்கினார்.

பகலெல்லாம் வெள்ளைக் கல்தூள் பறந்தது. ஹாஜியார் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முன், றில்வான் தூளை உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்துப் பார்த்தார். ஈரம். இன்னும் ஓரிரு குழாய் இறக்கினால் தண்ணீர். கையைச் சாரத்தில் துடைத்தார். இயந்திரத்தை நிறுத்தினார்.

ஹாஜியார் இறங்கி வந்தார். "என்ன றில்வான், தண்ணியா?"

"வெறும் கல்லு ஹாஜியார்."

"ஒங்கட கை பொய்க்காதுன்டு சொன்னாங்களே."

"இந்தத் தரம் பொய்ச்சுப் போச்சு. தண்ணி இல்லாட்டி நான் கூலி எடுக்கிறல்ல, ஒங்களுக்குத் தெரியுந்தானே."

"கூலி கெடக்கட்டும். பண்டாரவளையில வேற ஆள் இரிக்கி. அடுத்த கிழம கூட்டி வாரன்."

"கூட்டி வாங்க."

வருவார்கள், கொஞ்சம் தள்ளி நின்று தோண்டுவார்கள், தண்ணீரும் வரும். இதெல்லாம் றில்வானுக்குத் தெரியாததல்ல. கார் வளைவில் மறையும்வரை பார்த்திருந்தார். பிறகு, மண்டப வேலைக்கென்று ஹாஜியார் அடுக்கியிருந்த சீமெந்தில் ஒரு பையை எடுத்துவந்து குழைத்து, தான் போட்ட ஓட்டையின் வாயை அடைத்து மூடினார்.