கோழி மருந்து குடித்த பசு

தொரப்பள்ளிக்குப் பக்கத்தில், கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில், சென்னம்மாளும் அவள் ஓரகத்தி சுமலதாவும் ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்தார்கள். பேச்சு கிடையாது. போன கோடையில், பொது போர்வெல்லிலிருந்து சுமலதாவின் மாட்டுத் தொட்டிக்குப் போன குழாயைச் சென்னம்மாள் அடைத்துவிட்டாள். அன்றோடு சரி.

சென்னம்மாளுக்கு பிராய்லர் கோழி ஷெட்டில் வேலை. அங்கே குஞ்சுகள் தூங்கி வழிந்தால் தண்ணீரில் மஞ்சள் பொடி ஒன்றைக் கலப்பார்கள். துள்ளி எழுந்துவிடும். பார்த்துப் பார்த்து, சாமிக்கு அடுத்தபடி அவள் நம்பியது அந்தப் பொடியைத்தான். தன் பசு காய்ச்சலில் படுத்ததும் ஒரு பிடி கொண்டுவந்தாள். பெரிய உடம்பாச்சே என்று அதிகமாகவே கரைத்துப் புகட்டினாள்.

பசு தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அசைபோடுவதும் நின்றது.

கால்நடை டாக்டர் ஜெகதீஷ் அதன் இடது வயிற்றில் கையை அழுத்திப் பார்த்தார். உள்ளே அசைவே இல்லை. சென்னம்மாள் மிச்சமிருந்த மஞ்சள் பொடியைக் காட்டினாள்.

"இந்தப் பொடிய யாரு குடுக்கச் சொன்னது?"

"கோழிக்கு நல்லாக் கேக்குதே சார்..."

"கோழியும் மாடும் ஒண்ணாம்மா? இது பலவகைக் கிருமியக் கொல்ற மருந்து. நல்லது கெட்டது பாக்காது. மாட்டு வயித்துல வைக்கோல செரிக்க வெக்கிறதே கிருமிங்கதான். அதயும் கொன்னுட்டீங்க. காய்ச்சலுக்கு ஊசி போடறேன். வயித்துக்கு, நல்ல மாடு அசைபோடறப்ப அதோட வாயிலருந்து தீனிய எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு உடனே புகட்டணும். இல்லன்னா தாங்காது. நான் சொல்ற வரைக்கும் பால யாருக்கும் ஊத்தாதீங்க."

சுற்றிலும் கம்பெனி ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகள். மாடு என்று மிச்சமிருந்தது சுமலதாவிடம்தான்.

சென்னம்மாள் குண்டானோடு போய் அவள் கொட்டகை முன்னால் நின்றாள். "சுமா, உன் மாட்டு வாயிலருந்து கொஞ்சம் தீனி..."

சுமலதா திரும்பவே இல்லை. "யாரு பேசறது? குழாயா?"

"மாடு சாவுதுடி."

"என் மாடு நாக்கு வறண்டு கத்துனப்ப நீ சூடம் காட்டிக்கினு இருந்த. மணிச்சத்தத்துல கேக்கலயோ?"

சென்னம்மாளுக்கு முகம் எரிந்தது. திட்டத்தான் வாயெடுத்தாள். கண்ணெதிரே பசுவின் ஒட்டிய முகம் வந்து நின்றது.

"கேட்டுச்சு" என்றாள்.

சுமலதா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, தன் மாட்டின் வாயோரமாகக் கைவிட்டுப் பச்சைக் கூழை வழித்தாள். கையில் கொடுக்கவில்லை. குண்டானில் விசிறினாள்.

"நாளைக்கும் வா. வந்தமா எடுத்தமான்னு போய்க்கினே இரு. உறவு கொண்டாடாத."

அப்படியே நடந்தது. ஒரு விடியலில் பசு எழுந்து நின்று தாடையை ஆட்டி அசைபோட்டது. சென்னம்மாள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். நேரே போர்வெல்லுக்குப் போய், அடைத்த குழாயைத் திறந்துவிட்டாள்.

சுவருக்கு மேலே சுமலதாவின் தலை தெரிந்தது. "இது என்னாத்துக்கு இப்போ?"

"உனக்கொண்ணும் விடல. உன் மாட்டுக்கு விட்டேன்."

"அதுகிட்டயே சொல்லிக்கோ" என்று சுமலதா உள்ளே போய்விட்டாள்.