எதையும் ஊற்றாத அச்சு

வியாழக்கிழமை காலை குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜெயராணி டீச்சரின் தங்கை போன் செய்தார். "அக்கா விடியற்காலையில போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்" என்றார். குடம் நிரம்பி வழிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து நிறுத்தினாள்.

டீச்சரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்தும் உப்பு உரமும் இல்லாமல் மண்ணையும் பூச்சியையும் புரிந்துகொண்டு விவசாயம் செய்வதற்கு, இன்டர்நெட்டில் பன்னிரண்டு பாடம் வைத்தார். பக்கங்களைக் கட்டிக் கொடுத்தவள் என் மகள் வயிற்றுப் பேத்தி கயல்விழி. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதனால்தான் டீச்சர் என்னைத் தேடி வந்தார். ஒவ்வொரு பாடத்தையும் நான் உரக்கப் படிக்க வேண்டும். என் நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே அவர் கோடு போடுவார். முதல் பாடத்திலேயே "உயிரியல் பன்மயம்" என்று வந்தது. மூன்று முறை முட்டிப் பார்த்தேன்.

"இது யாரு பேசுற தமிழ் டீச்சர்?"

"புஸ்தகம் பேசுற தமிழ்க்கா."

"அப்ப புஸ்தகத்தையே களை வெட்ட அனுப்புங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதை அடித்துவிட்டு, "ஒரே வயலில் பல உயிர்கள்" என்று எழுதினார். "உங்களுக்குப் புரியலைன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்பார். அப்படிச் சொன்ன டீச்சரை நான் வேறு பார்த்ததில்லை.

பாடம் விருத்தாசலத்துக்கு நன்றாகவே பொருந்தியது. செம்மண், முந்திரி, மணிலாக் கொட்டை எல்லாம் நம் ஊர்ச் சங்கதி. நம் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்திலிருந்து பழனி என்பவர் வந்து, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார். அங்கே கரிசல், பருத்தியும் மக்காச்சோளமும். டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஊருக்கு ஊரு முதல்லேருந்து எழுதணுமாக்கா? என் ஆயுசு பத்தாது."

நான் பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பொம்மை அச்சில் மண் ஊற்றியவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கூழா கரைச்ச மண்ண அச்சுல ஊத்துறோம், இறுகினதும் பிள்ளையார எடுக்குறோம். ஒவ்வொரு பிள்ளையாருக்கும் புது அச்சா செய்யறோம்? பாடத்த அச்சாக்குங்க. மண்ணு, பயிரு, மாசம் இதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரங்க ஊத்திக்கட்டும்."

டீச்சர் கயல்விழியைப் பார்த்தார். "பாட்டி சொல்றது நடக்குமாடி?" நடக்கும் என்றாள். இரண்டு மாதம் உட்கார்ந்து, ஊருக்கு ஊர் மாறுகிற இடத்தையெல்லாம் வெற்றிடமாக்கினார்கள். முதல் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் நின்றது: உங்கள் ஊர் மண்ணுக்கு என்ன பெயர்?

பிறகு ஒரு தப்பு நடந்தது. சேத்தியாத்தோப்பில் பாடம் நடத்தியவர்கள் ஆர்வத்தில் அந்த வெற்றுப் பாடத்தின் மேலேயே நெல்லையும் வண்டலையும் ஏற்றிவிட்டார்கள். கயல்விழி அலைந்து திரிந்து மீட்டாள். அப்போதுதான் தாய் அச்சைப் பற்றிச் சொன்னேன். ஊற்ற ஊற்ற அச்சு தேய்ந்து பிள்ளையாருக்கு மூக்கு மழுங்கிவிடும். அப்போது புது அச்சு எடுப்பதற்கென்று தாய் அச்சு ஒன்று தனியாக இருக்கும். அதில் யாரும் மண் ஊற்றக் கூடாது.

மறுநாள் டீச்சர் ஒரு சி.டி.யோடு வந்தார். "இது உங்க வூட்டுல இருக்கட்டும்க்கா."

"என் வூட்டுல கம்ப்யூட்டரே இல்லையே டீச்சர்."

"அதனாலதான்."

பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன். வைத்ததோடு மறந்தும் போனேன்.

கல்லறைத் தோட்டத்தில் டீச்சரை அடக்கம் செய்து திரும்பிய அன்று பழனி தயங்கித் தயங்கிக் கேட்டார். "திங்கக்கிழமை முப்பது பொம்பளைங்க வராங்கம்மா. சைட்டுல பாத்தா வெத்துப் பாடம் இல்ல, திரும்பவும் நெல்லுதான் இருக்குது. டீச்சரோட கம்ப்யூட்டரும் போன வாரமே படுத்துடுச்சாம்." ஓசூரில் வாக்கப்பட்டிருக்கும் கயல்விழி துக்கத்துக்கு வந்திருந்தாள். "எல்லாம் அந்த மெஷின்லதான் விட்டுட்டுப் போனேன் பாட்டி" என்று அழுதாள். ஆள் போன துக்கத்தின் மேல் இது வேறு. ஆறு வருஷ உழைப்பும் அவரோடு குழிக்குள் போய்விட்டதா என்று நினைத்தேன். பிள்ளையார் மூக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப் போய் பீரோவைத் திறந்தேன்.

பிரவுசிங் சென்டரில் கயல்விழி அதைப் போட்டுப் பார்க்கிற வரைக்கும் காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பன்னெண்டும் இருக்குது பாட்டி" என்றாள். அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழுது முடித்ததும் உடம்பே லேசாகிப் போனது.

திங்கட்கிழமை பழனி எனக்குப் போன் போட்டு, அதை வகுப்புக்கு நடுவில் பிடித்தார். முதல் பக்கத்துக் கேள்வியைப் படித்தார். "கரிசல்!" என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

கயல்விழி இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சி.டி. திரும்பவும் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அதன் மேல் டீச்சரின் கையெழுத்து, எனக்குப் புரியவேண்டும் என்று பெரிது பெரிதாக: "தாய் அச்சு. இதில் எதையும் ஊற்றாதீர்கள்."